சந்தனம் பூசிய மைக்

பேய், பிசாசு, குறி கேட்பது, சாமியாடுவது, இதில் எதையும் நான் நம்பினவள் இல்லை. இப்போது நம்புகிறாயா என்று கேட்காதீர்கள், அது உங்களுக்கு வேண்டாத வேலை. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு இந்தக் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் சிரிப்பதாக இருந்தால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளின் நடுவில் அது. பல்லடம் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கொட்டகை. என் வீட்டுக்காரர் பழனிசாமி அங்கே தறி ஓட்டினார். நான் அதே கொட்டகையின் மூலையில் உட்கார்ந்து தார் சுற்றினேன், அதாவது தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூலைச் சுற்றிக் கொடுக்கிற வேலை. தறிச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? ஒரு தறி ஓடினாலே பக்கத்தில் நின்று பேச முடியாது, அங்கே வரிசை வரிசையாக ஓடும். காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். குரலே வேண்டாம், வாயை அசைத்தால் அந்தக் கோடியில் நிற்கிறவனுக்குப் புரிந்துவிடும். நானும் அவரும் சண்டையே அப்படித்தான் போடுவோம்.

அப்படியே இருந்து இருந்து அவருக்குக் காது போய்விட்டது. கொட்டகைக்குள் அது தெரியவில்லை, அங்கே எல்லாருமே உதடு பார்க்கிறவர்கள்தானே. வீட்டில்தான் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அண்டாவைப் போட்டு உருட்டினாலும் திரும்ப மாட்டார். அடுத்த தறி ஓட்டிய மாரியப்பனுக்கும் இதே கதிதான். இவருக்கு உயிர்ச் சிநேகிதன் அவன், வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வார்கள். முந்தின வருஷம் அவன் ரோட்டைக் கடக்கும்போது லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறான், இவன் திரும்பவே இல்லை. அந்த இடத்திலேயே போய்விட்டான். துக்கத்துக்கு வந்த முதலாளி, "கண்ணு மண்ணு தெரியாம நடந்தா என்னங்க பண்றது" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு மாரியப்பன் தறியை யாரும் தொடவில்லை, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை ஏற்றாமல் சும்மா நின்றது.

அடுத்த ஆயுத பூஜை நெருங்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"காது கேக்காத ஆள வெச்சு ஓட்ட முடியாதுங்க அம்மிணி. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாந்தான் பதில் சொல்லோணும். பூசையோட அவரு நின்னுக்கட்டும்."

"காது உங்க தறியிலதானுங்க போச்சு. மடிப்பு ரூம்புல துணி மடிக்கறதுக்குக் காது எதுக்குங்க? அங்க வெச்சுக்கோங்க."

"தறிச் சத்தத்துல காது போகும்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

டாக்டர் யாரும் சொல்லவில்லைதான். ஆனால் அந்தச் சமயம் பார்த்து, தொழிற்கூடங்களில் சத்தம் அளக்கிற ஆபீசர் ஒருவர் மெட்ராஸிலிருந்து ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். விசாரித்துக்கொண்டு நானே போய் நின்றேன். அவரிடம் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ போல ஒரு பெட்டி இருந்தது. பெட்டியை இடுப்பில் கட்டி, அதிலிருந்து வருகிற ஒயரின் நுனியில் இருக்கும் மைக்கைக் காதுக்குக் கிட்டே தோளில் மாட்டிவிட வேண்டும். ஆள் போகிற இடமெல்லாம் அதுவும் போய், நாள் முழுக்க அந்தக் காது வாங்கின சத்தத்தை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் இன்னொரு மிஷினில் செருகினால் ஒரு நம்பர் வரும். நூறைத் தாண்டினால் காதுக்குக் கேடு. ஆபீசர் முன்னால் முதலாளி ஒத்துக்கொண்டார், நூறைத் தாண்டினால் என் வீட்டுக்காரருக்கு மடிப்பு ரூமில் வேலை, தாண்டாவிட்டால் வெளியே.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் அவருக்குப் பெட்டியை மாட்டினார்கள். பனியன்தான் போட்டிருப்பார், அதன் தோள்பட்டியில் மைக்கைக் குத்தியாயிற்று. போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் தறி ஓடவில்லை. "பாவு வரலீங்க சார், லீவு முடிஞ்சு இனிதான் வரோணும்" என்கிறார் முதலாளி. அது பொய் என்று எனக்குத் தெரியும், பாவு உள் ரூமில் அடுக்கி இருந்தது. அதோடு விட்டாரா? பூஜை முடிந்த தறிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், "எந்திரம்னு ஊட்டுக்குள்ள வந்தா பொட்டு வெக்கோணும்" என்று சொல்லி, ஒரு விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து அந்த மைக் மேலேயே அப்பி, அதன் நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். முருக பக்தர், ஆண்டு தவறாமல் பழனிக்கு நடக்கிறவர். பக்தியோ தந்திரமோ அந்த முருகனுக்கே வெளிச்சம். ஆபீசர் அப்போது வெளியே ஜீப் பக்கம் இருந்தார். கும்பிட்டு வைத்த பொட்டை அழிக்க என் வீட்டுக்காரருக்குக் கை வரவில்லை, அப்படியே வேலைக்குப் போய்விட்டார்.

நான் எழுந்து போய்த் துடைத்தால் பெட்டியில் கை வைத்துவிட்டாள் என்று பழி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு தார் சுற்றினேன், கண் மட்டும் அவர் மேலேயே இருந்தது. மதியம் தாண்டி இருக்கும். அவர் ஓட்டிக்கொண்டிருந்த தறியை விட்டுத் திரும்பி, நின்று கிடக்கிற மாரியப்பன் தறியைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை. யாரோ கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படித் திரும்பினார். பிறகு வாயை அசைத்தார். நம்பினால் நம்புங்கள், அந்த உதட்டை நான் படித்தேன்.

"உனக்குந்தாண்டா" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. என் கையில் நூல் அறுந்துபோயிற்று. சரி, மனுஷனுக்கு வேலை போகிற கவலை, தானாகப் பேசுகிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆபீசர் பெட்டியை மிஷினில் செருகினார். வந்த நம்பரைப் பார்த்துவிட்டுக் கழற்றித் துடைத்து மறுபடியும் செருகினார். அதே நம்பர். நூறை எங்கேயோ தாண்டிப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் மைக்கைப் பார்த்தார்.

"யாருங்க இதுல சந்தனம் வச்சது? முழுக்க அடைஞ்சு காஞ்சு கிடக்கு. இதுக்குள்ள பாதிச் சத்தம்கூடப் போயிருக்க முடியாதே!"

"பெட்டி கெட்டுப்போச்சுங்க சார், இல்லீன்னா யாரோ தொட்டிருக்காங்க" என்றார் முதலாளி.

நான் விடவில்லை. "தொட்டது நீங்க ஒருத்தருதானுங்க. தறிய நிறுத்துனதும் நீங்க, சந்தனத்த அப்புனதும் நீங்க. இப்ப பெட்டி மேல பழி போட்டா எப்பிடிங்க?"

ஆபீசர் மைக்கைச் சுத்தம் செய்து, அவர் கொண்டுவந்த கருவியில் ஒரே சீராகச் சத்தம் கொடுத்துச் சோதித்தார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் எல்லாத் தறியையும் ஓட்டச் சொல்லி என் வீட்டுக்காரருக்கே மறுபடி மாட்டினார். அன்றைக்கும் நூறைத் தாண்டியது, ஆனால் முந்தின நாள் வந்ததில் பாதிதான் வந்தது. மனுஷர் காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"நேத்து ஒரே ஆளுக்குத்தானே மாட்டினோம்? ரெண்டு ஆள் காதுக்கு உண்டானது இல்ல இதுல இருக்கு?" என்றார்.

முதலாளி மாரியப்பன் தறியை ஒரு தரம் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. மடிப்பு ரூமில் வேலை போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே அந்தத் தறியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

அந்த ரெண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நின்று, "நேத்து ஆருகிட்டங்க பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"மாரியப்பன்தான். இந்தப் பெட்டி ஆருக்குடான்னு கேட்டான். உனக்குந்தாண்டான்னேன்."

"அவந்தறி ஓடவே இல்லீங்களே!"

"ஓடாமயா அத்தன சத்தம்? என்ற காதுலயே கேட்டுதே சரசு."

இதை வெளியில் சொன்னபோது படித்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒயர் பழுது என்றார் ஒருவர், ஆபீசர் தப்பாகப் படித்திருப்பார் என்றார் இன்னொருவர். இருக்கட்டும். பேயாகவே இருந்தாலும் எனக்குப் பயமில்லை. உயிரோடு இருந்த ஒருத்தரும் எங்களுக்காக வாயைத் திறக்கவில்லை, செத்தவன் வந்து சாட்சி சொன்னான் என்றால் அவனை நான் ஏன் விரட்ட வேண்டும்?

ஒன்றே ஒன்றுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. பெட்டியைத் தறிக்காரருக்கு மாட்டினார்கள், தார் சுற்றுகிற பொம்பளைக்கும் காது இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இப்போது என் காதும் போய்விட்டது, இவ்வளவு நேரம் நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான். மகன் கத்தினாலும் கேட்பதில்லை, கோயில் வேட்டு கேட்பதில்லை. போன மாதம் ஒரு பகலில் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அவர் வாய் நிறையச் சோறு. அப்போது அவர் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், உதடு பார்த்து இல்லை, இந்தக் காதாலேயே கேட்டேன்.

"சரசுக்கு எப்படா பெட்டி மாட்டுவாங்க?"

அவர் சோற்றை விழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குங் கேட்டுச்சா?" என்று வாயை அசைத்தார்.