சுஜூதில் தெரிந்த திசை

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி எழுபத்தைந்து பேர் கடலுக்கடியில் போய்க்கொண்டிருந்தோம். அல்லாஹ் எங்களைக் கைவிடவில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன், சகோதரர்களே.

என் பெயர் காதர். ஊர் கீழக்கரை. என் தகப்பனார், எங்கள் அத்தா, தோணியில் சரக்கேற்றி இலங்கைக்கு ஓடியவர்கள். நான் கப்பற்படையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, ரஷ்யாவுக்குப் போய்ப் படித்துவந்து, நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒன்றில் வேலை பார்த்தேன். இது நடந்தது அறுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம். கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு போர் ஒத்திகையில் இருந்தோம்.

லீவில் ஊருக்கு வந்தால் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், கண்ணாடி வழியாக மீன் தெரியுமா என்று. நீர்மூழ்கிக்கு ஜன்னலே கிடையாது. உள்ளே டீசல் நாற்றமும் வேர்வையும்தான். ஒருவன் எழுந்த சூட்டோடு அதே படுக்கையில் இன்னொருவன் படுப்பான். எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நேரம் போனோம் என்று கணக்கிட்டு, வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டேதான் வழி கண்டுபிடிக்க வேண்டும். திசை தப்பினால் எல்லாப் புள்ளியும் தப்பு.

அந்தத் திசையைக் காட்டுவது ஜைரோ காம்பஸ். உள்ளே ஒரு சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், அதன் பலத்தில் தட்டு வடக்கைப் பிடித்து நிற்கும். அதைக் கவனிப்பது என் பொறுப்பு. அன்று மதியம் மின்சாரம் சற்றுத் தடைப்பட்டு ஜைரோ நின்றுபோனது. மறுபடி ஓட்டிவிட்டேன். ஓட்டிவிட்டால் போதாது. தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்ல மெல்ல ஆடி, சில மணி நேரம் கழித்துத்தான் வடக்கில் நிலைக்கும். ஊஞ்சல் ஓரத்துக்குப் போய் ஒரு கணம் நிற்குமே, அதுபோல நடுவில் அதுவும் நின்றது மாதிரி தெரியும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

வழிக்கணக்குப் பார்க்கும் அதிகாரி பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை வந்து நின்றார்.

"காதர், நிலைச்சுடுச்சா?"

தட்டு அசையாமல்தான் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரமாவது பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு எப்போதும் வாய் முந்தும். கெட்டிக்காரன் என்று பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை வேறு.

"நிலைச்சிருச்சு சார். முழுசாப் பாத்துட்டேன்."

அவர் நம்பினார். தெற்கே போகச் சொன்னார். வலது கைப் பக்கம், மேற்கே, கரையும் பாறைத் திட்டுகளும். மேலே மழை மூட்டம், பெரிஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை. ஆழம் பார்க்கும் கருவியையும் அணைத்துவைத்திருந்தோம். அது சத்தம் போட்டால் எங்களைத் தேடும் கப்பல்களுக்குக் கேட்டுவிடும். என் வாய்ச்சொல் ஒன்றுதான் எங்களுக்குக் கண்.

அரை மணி நேரம் கழித்து எனக்குள் அரிக்க ஆரம்பித்தது. எழுந்து போய் ஜைரோவைப் பார்த்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி போனேன். தட்டு நகர்கிறதா, என் கண்தான் நகர்கிறதா என்று தெரியவில்லை. போய்ச் சொல்லிவிடலாமா? சொன்னால் மானம் போகும், வேலையும் போகும். சொல்லாவிட்டால்? யா அல்லாஹ், இது யாருக்கும் தெரியாமல் போகட்டும், ஊர் சிரிக்க விட்டுவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நான் கேட்ட துஆ அதுதான்.

அஸர், பிற்பகல் தொழுகை நேரம் வந்தது. தொழுவதற்கு முன்னால் சுக்கான் பிடிப்பவனிடம் மக்கா இருக்கும் மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். அன்று சுக்கானில் இருந்தவன் முனியசாமி, கடலாடிக்காரன், என் கூட்டாளி.

"ஏலே காதரு, தெக்க போறோம். மேக்கு வலது கைப் பக்கம். எனக்கும் சேத்து வேண்டிக்கிருலே."

இரண்டு பாட்டரி அலமாரிகளுக்கு நடுவில் வலப்பக்கம் பார்த்து விரிப்பைப் போட்டேன். ஓதியது எதுவும் மனசில் நிற்கவில்லை. சுஜூதில் நெற்றியை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அப்படியே கிடந்தேன். எழுந்திருக்க மனமில்லை.

அப்போதுதான் உடம்பு ஒன்றைச் சொன்னது. பெரிஸ்கோப் எட்டும் ஆழத்தில் போனால் மேலே அடிக்கும் அலை கப்பலையும் ஆட்டும். அந்த ஆட்டத்தில் முதலில் என் கால் உயர்ந்தது, தலை தாழ்ந்தது. மறுபடி தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது.

சிறு வயதில் அத்தாவோடு தோணித் தட்டில் எத்தனையோ தடவை தொழுதிருக்கிறேன். ஆனி மாதம் போன்ற சோழகக் காற்றுக் காலத்தில், தென்காற்றோடு பெரிய அலையும் தெற்கிலிருந்து வரும். மேற்கே பார்த்துத் தொழுகிறவனுக்கு அது இடது பக்கம். சுஜூதில் கிடந்தால் இடது தோள்தான் ஏறி இறங்க வேண்டும். தலையும் காலும் ஏறி இறங்கினால், அதுவும் கால் முதலில் ஏறினால், நான் மேற்கே பார்க்கவில்லை, வடக்கே பார்க்கிறேன். அப்படியானால் கப்பலின் மூக்கு தெற்கே இல்லை. மேற்கே, கரையைப் பார்த்து இருக்கிறது.

தொழுகையை எப்படி முடித்தேனோ தெரியாது. அதிகாரியிடம் ஓடினேன். வழியில் இரும்புக் கதவில் தலை இடித்ததுகூட உறைக்கவில்லை.

"சார், ஜைரோ நிலைக்கலை. நான் பொய் சொல்லிட்டேன். நாம தெக்க போகலை சார், கரைக்குப் போறோம்!"

"எதை வெச்சுச் சொல்றே?"

"தொழும்போது அலை தப்பான பக்கத்துல வருது சார்."

பக்கத்தில் ஒருவன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. நேரே கேப்டனிடம் போனார். எஞ்சினை நிறுத்தினார்கள். ஆழம் பார்க்கும் கருவியை ஒரே ஒரு தடவை போட்டார்கள். நூறு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டிய இடம். அடியில் இருந்தது பதினோரு மீட்டர்.

உடனே மேலே எழும்பச் சொன்னார் கேப்டன். எழும்பிப் பார்த்தால், மழைக்குள் நேர் எதிரே பாறையில் அலை அடித்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் முடிந்திருக்கும்.

மறுநாள் கேப்டன் முன் நிறுத்தினார்கள். அந்த வருஷ லீவை ரத்து செய்தார்கள், பதவி உயர்வையும் தள்ளிவைத்தார்கள். முனியசாமி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏலே, நீ மட்டும் நேத்துத் தொழாம இருந்திருந்தா இன்னேரம் நம்மள மீனு தின்னுருக்கும்லே."

அன்றிலிருந்து, நேரம் வந்தால் நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான்: "காதரு, மேக்கு இங்கன இருக்கு."

அதன் பிறகு எந்த வேலையையும் முடியும் முன்னே முடிந்தது என்று நான் சொன்னதில்லை. 'தெரியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும்' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன். பரவாயில்லை. இன்றைக்கும் படுத்தால் தூக்கம் வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரர்களே, உங்களில் யாராவது எதையாவது மறைத்துவைத்துக்கொண்டு நிலைகொள்ளாமல் தவித்தால், நெற்றியைத் தரையில் வைத்து அல்லாஹ்விடம் அழுங்கள். பிறகு எழுந்து, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். மானம் போகும் என்று பயப்படாதீர்கள், அவன் பார்த்துக்கொள்வான். கேட்டது கிடைக்கவில்லையே என்று அவனிடம் சடைத்துக்கொள்ளவும் வேண்டாம். அன்று நான் கேட்டதை அவன் அப்படியே கொடுத்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.