ஜன்னத் அக்கா கேட்ட ஒரு கேள்வி

உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே ஜன்னத் அக்காவின் ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் திணறுகிறது என்றார். போன வாரம், பழைய கம்ப்யூட்டரிலும் வேகமாக ஓடும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வீட்டு டெஸ்க்டாப் மாதிரியே அலங்காரமும் செய்து வைத்தேன். ஐகான் ஒன்றுகூடக் கிடையாது. டாஸ்க்பார் ஒளிந்துகொள்ளும். எதைத் திறப்பதென்றாலும் கீபோர்டு ஷார்ட்கட்தான். திரை முழுக்க மேகமலைப் படம் மட்டும்.

இன்று அந்தப் பக்கம் போனேன். அக்கா எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் தொழுகைக்குப் போனா தங்கச்சி உக்காருவா, அவ இல்லைன்னா எங்க வீட்டுக்காரரு உக்காருவாக. ஆளாளுக்கு, பிரிண்டு எங்கன இருக்குன்னு எனக்குப் போன் போடுறாக. பழையபடி ஆக்கிருங்க."

ஆக்கினேன். பெரிய பெரிய ஐகான்கள், அசையாத டாஸ்க்பார்.

டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அக்கா கேட்டார்: "உங்க சிஸ்டத்தையும் இப்பிடித்தான் மாத்திக்கிட்டே இருப்பீகளா? வீட்ல மத்தவுக எப்பிடித் தேடி எடுப்பாக?"

"அவுக பழகிட்டாகக்கா" என்றேன்.

அவுக யாரென்று அக்கா கேட்கவில்லை. நல்லவேளை.

வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே வந்ததும் புதிய தீம் ஒன்று போட்டேன். டாஸ்க்பாரை மேலே வைத்தேன், பிறகு இடப்பக்கம் வைத்தேன், கடைசியில் எடுத்தே விட்டேன். இந்த வீட்டில் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டைக் கமெண்டில் போட்டிருக்கிறேன். பிரிண்டு எங்கன இருக்குன்னு யாராவது கேளுங்களேன்.