டேப்பில் குறைந்த நான்கு விரல்

அக்கா காலமாகிச் சில நாட்கள் கழித்து, அவர் நிலம் அளந்த இரும்பு டேப்பின் வளையத்தை ஜன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் இழுக்கணுமாக்கா?" என்று கேட்டேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன். பேயை நம்புகிறவர்களைக் கேலி செய்தே ஓரளவு பெயர் எடுத்தவன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர், யார்கிட்ட பேசிகினு இருக்கீங்க என்று விசாரித்தார். போனில் என்றேன். என் கையில் போன் இல்லாததை இருவருமே கவனித்தோம்.

ஜன்னல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டேப்பின் அந்தப் பக்கத்தில் ஓர் இழுப்பு இருந்தது. ஓராண்டு ஆகியும் அது என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

அக்கா கலசப்பாக்கத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில், கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை நிலம் என்பது அடுத்தவருடையது. காலையில் அதில் இறங்கி, மாலையில் கால் கழுவிக்கொண்டு திரும்ப வேண்டியது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டுப் பெண்ணுக்கு நில அளவைப் படிப்பு எதற்கென்று உறவினர்கள் கேட்டார்கள். அடுத்தவனுக்கு எவ்வளவு இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்கிறேன் என்றாராம். பாலிடெக்னிக்கில் படித்து, நில அளவர் உரிமம் பெற்று, மாமாவை மணந்து ஆரணிக்கு வந்தார்.

டேப் காட்டுவதை அக்கா அப்படியே நம்பியதில்லை. வெயிலில் இரும்பு நீளும், அதற்குக் கணக்கு உண்டு. தரையில் படாமல் தொங்கினால் நடுவில் தொய்ந்து, தூரத்தைக் கூட்டிக் காட்டும்; அதைக் கழிக்க வேண்டும். வீட்டுத் தரையில் சரியான நீளத்துக்கு இரண்டு பித்தளை ஆணிகள் அடித்து வைத்திருந்தார். வேலைக்குக் கிளம்பும்முன் டேப்பை அவற்றின் மேல் வைத்துச் சரிபார்ப்பார். என் பேச்சுக்கும் இதே மரியாதைதான். நான் எதையாவது விவரித்து முடித்ததும் மாமாவிடம், "இவன் சொன்னதுல பாதி தொய்வு, கழிச்சிக்குங்க" என்பார்.

ஒரே ஒரு நாள் அக்கா ஆணிகளிடம் போகவில்லை. மருத்துவமனையில் நோயின் பெயரைச் சொல்லி அனுப்பிய நாள் அது. வீட்டுக்குப் போனால் மாமாவிடம் சொல்லியாக வேண்டும் என்று, நேராக வேலைக்குப் போய்விட்டார். தெரிந்தவர் ஒருவரின் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு, நெசவாளர் தெருவில் அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தார். பத்திரத்தில் கண்டபடி அண்ணனின் பங்கை அளந்து கல் நட்டார். மீதி தம்பிக்கு. நெடுங்காலம் பேசாதிருந்த இருவரும் அன்றுதான் பேசினார்கள். அண்ணன் கல்லை ஒட்டிச் சுவர் எழுப்பினார்.

சில மாதங்கள் கழித்து, தம் டேப் எட்டாத ஒரு வேலைக்காக அதே டேப்பை மீண்டும் இரவல் வாங்கியபோது, அக்கா அதை ஆணிகளின் மேல் வைத்தார். எப்போதோ அறுந்ததை, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ரிவெட் அடித்திருந்தார்கள். நான்கு விரல் அகலம் காணாமல் போயிருந்தது. அண்ணனின் பங்கில் அவ்வளவு குறைந்திருந்தது.

அதற்குள் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். ஒன்று சேர்ந்த குடும்பம் மறுபடி பேஜாராகிவிடும், பேசாமல் இருந்துவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"நாலு விரல்தானேக்கா. விடு."

"என்னுதா இருந்தா விடலாம். அது அவரோடது. நான் எப்படிடா விடறது?"

ஆட்டோவில் அழைத்துப் போனேன். இந்த முறை அக்காவின் சொந்த டேப். ஒரு முனை என்னிடம், மறுமுனை அக்காவிடம். நடுவில் தறி இருந்ததால் டேப் தரையில் படாமல் தொங்கியது. நான் அளவைப் படித்ததும் அக்கா தலையசைத்தார். "இன்னும் கழி. என் கையில இழுக்கத் தெம்பில்ல. தொய்வு ஜாஸ்தி." தம் உடம்பு எவ்வளவு போய்விட்டது என்பதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அந்தக் கழித்தலைத்தான் நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன், விடை வரவில்லை.

பிறகு அக்கா சகோதரர்களைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்றார். தறிக்கும் சுவருக்கும் இடையில் பக்கவாட்டில் நடந்து பழகிய அண்ணன், தனக்குத் தொப்பை போட்டுவிட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாராம்.

"அப்ப செவுத்த இடிக்கணுமா மேடம்?"

"அது நீங்க ரெண்டு பேரும் பேசிக்க வேண்டியதுங்க. கல்லு எங்க இருக்கணும்னு சொல்றதுதான் என் வேலை."

தம்பி உள்ளே போனார். சண்டைக்கு ஆள் திரட்டப் போகிறார் என்று நான் செருப்பைத் தேடினேன். கடப்பாரையோடு வந்து, சுவருக்கு மறுபுறம், தம் வாசலில், அக்கா காட்டிய இடத்தில் தாமே குழி தோண்டினார். கல் இடம் மாறியது. சுவர் அப்படியே நின்றது. திரும்பும் வழியில் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அடுத்த மாதம் மறைந்தார்.

படியேற முடியாத நாட்களில் அக்காவைத் தூக்கிச் சென்ற ஆட்டோ நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மாமாவைப் பட்டினி கிடக்க விடாத எங்கள் தெருப் பெண்களுக்கும், காரியத்தில் பந்தி பரிமாறிய உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நன்றியில் எதையும் கழிக்க வேண்டாம்.

நினைவு நாளுக்கு அழைக்க அந்த அண்ணனின் வீட்டுக்குப் போனேன். அக்கா நட்ட கல் அங்கே நிற்கும்வரை அவரும் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றுகிறது என்று சொன்னேன். அவர் தறியை விட்டு எழாமலே பதில் சொன்னார்:

"கல்லு நல்லாத்தான் நிக்குதுங்க. தம்பி பொண்டாட்டி அதும்மேலதான் சோப்பு டப்பா வெச்சிக்கினு துணி தொவைக்குது."