அவித்த மா டோனற்

எங்கள் வீட்டில் கோதுமை மா பச்சையாக ஒரு நாளுக்கு மேல் இருந்ததில்லை. கடையிலிருந்து வந்து இறங்கியதும் அம்மா அதைத் துணியில் முடிந்து, ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, அரிதட்டில் அரித்து, பெரிய பிஸ்கற் தகரத்தில் கொட்டி மூடிவிடுவார். காலையில் இடியப்பம், இரவில் புட்டு. இரண்டுக்கும் அவித்த மாதான் சரி. அவிக்காத மாவை வீட்டில் வைத்திருப்பவர்களை, குளிக்காமல் கோயிலுக்குப் போகிறவர்களின் வரிசையில் அம்மா சேர்த்துவிடுவார். கொக்குவிலில் எல்லா வீட்டிலும் இதுதான் வழமை. உலகம் முழுவதும் இப்படித்தான் என்று நானும் ஒன்பது வயதுவரை நம்பியிருந்தேன்.

அந்த ஒன்பதாவது வயதில், எண்பத்தேழாம் ஆண்டு, சின்னம்மா பச்சை மா கேட்டார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கொழும்பில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். ஒரு சிங்கள அன்ரியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது, உடுத்த சேலையையும் ஒரு கைப்பையையும் தவிர அவரிடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நாலு வருடம் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. யாராவது வாசல் படலையைத் தட்டினால் மெஷின் சட்டென்று நின்றுவிடும். தட்டியது யார் என்று அம்மா உரத்துச் சொன்ன பிறகுதான் மறுபடி ஓடும். கறிக்குக் கறுவாப்பட்டை போட்டு வாசம் எழும்பினாலோ, எழுந்து பின்வளவுக்குப் போய்விடுவார். சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சின்னம்மாவுக்குப் படலையும் கறுவாவும் ஒத்துக்கொள்ளாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

சண்டை நின்றிருந்த சில வாரங்கள் அவை. தெற்கிலிருந்து வான் பிடித்து வந்த சிங்களச் சனங்கள் நயினாதீவு விகாரையைக் கும்பிட்டுப் போனார்கள். அப்படி ஒரு வானில் தானும் வருவதாகவும், திரும்பும் வழியில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் இறங்கி ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவதாகவும் கொழும்பு அன்ரி கடிதம் போட்டிருந்தார். சின்னம்மா கடிதத்தை நின்றபடியே வாசித்தார். மடித்தார். நேரே அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார்.

“அக்கா, பச்சை மா இருக்கோ?”

“பச்சை மாவோ? உனக்கு உது என்னத்துக்கு?”

“டோனற் சுடப்போறன். அவிச்ச மா எழும்பாது. அன்ரி ஒவ்வொரு ஞாயிறும் சுடுறவ. கடையிலை மாதிரி எண்ணெயிலை பொரிக்கிறேல்லை, போறணையிலை வைக்கிறது. மாவுக்குள்ளை ஏலக்காய், சாதிக்காய், கறுவா எல்லாம் போடவேணும். சூட்டோடை எடுத்துச் சீனிப்பாகிலை தோய்க்கவேணும்.”

நாலு வருடத்தில் சின்னம்மா ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தடவை. கறுவா என்ற சொல்லையே அவர் வாயால் கேட்டு நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.  அம்மா பையைக் கையில் திணித்து என்னைக் கடைக்குத் துரத்தினார்.

போறணை என்பது பேக்கரியில் பாண் சுடும் பெரிய அடுப்பு. எங்களிடம் அது ஏது? அப்பா ஒரு சதுரத் தகரத்தைப் பக்கவாட்டில் வெட்டிக் கதவு வைத்து, உள்ளே மணல் பரப்பி, அடுப்பில் ஏற்றினார். கீழே விறகு, மேலே தட்டில் சிரட்டைத் தணல். இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் கோபம்.

“ஓட்டை இருந்தா வடை, இனிச்சா பணியாரம். உது என்ன ரெண்டும் கெட்டான்?”

“விருப்பமில்லாட்டி விடுங்கோ அத்தான். மிச்சம் எங்களுக்கு,” என்ற சின்னம்மா, சிரித்தார். அம்மாவும் அப்பாவும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை செய்து பார்த்தோம். பேக்கரியில் கெஞ்சி வாங்கிய, மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்றை இளஞ்சூட்டுப் பாலில் போட்டதும் அது நுரைத்தது. அந்தப் பாலை விட்டுக் குழைத்த மாவைச் சட்டியில் வைத்து ஈரத்துணியால் மூடி, “ஒரு மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் கிட்டப் போகப்படாது” என்றார் சின்னம்மா. நான் கிட்டத்தான் இருந்தேன். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் துணி மேலே எழும்பி நின்றது. ஐயோ கடவுளே! துணியை விலக்கினால், தேங்காய் அளவு வைத்த மா சட்டி நிறைய இருந்தது. சின்னம்மா என் விரலைப் பிடித்து அதில் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, பிறகு மெல்ல மெல்லத் தானாகவே நிரம்பியது. எங்கள் பசு சினையாக இருந்தபோது வயிற்றில் கை வைத்துப் பார்த்தது நினைவு வந்தது. மாவுக்கு உயிர் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டது. பயமாகவும் இருந்தது.

தேநீர்க் கிளாசின் வாயால் வட்டம் வெட்டி, மருந்துப் போத்தல் மூடியால் நடுவில் ஓட்டை போட்டார்கள். தகரக் கதவைத் திறந்தபோது வந்த வாசத்துக்கு அப்பாவே கோபத்தை மறந்து ஓடி வந்தார். பாகில் தோய்த்தெடுத்த முதல் டோனற்றைக் கடித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று இவ்வளவு நாளும் எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று எல்லோர்மீதும் கோபம் வந்தது. அப்பா நாலு தின்றார். சின்னம்மா மட்டும் ஒன்றையும் தொடவில்லை.

“நீ சாப்பிடேல்லையோ?” என்றார் அம்மா.

“அன்ரி வந்தாப்பிறகு சாப்பிடுறன்.”

ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு பால்மாப் பேணியில் பச்சை மாவும், கடதாசியில் மடித்து ஈஸ்றும் எடுத்து வைத்தார். “உதிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஏன் என் முகத்தைப் பார்த்தார் என்று சனிக்கிழமை தெரிந்தது. அம்மாவும் சின்னம்மாவும் சந்தைக்குப் போனார்கள். என்னால் இருக்க முடியவில்லை. அந்த மா மறுபடி ஒருதரம் எழும்புவதை, அதுவும் என் கையால் எழும்புவதைப் பார்க்காவிட்டால் செத்துப்போவேன் போல இருந்தது. ஈஸ்றில் ஒரு கிள்ளுத்தான் எடுத்தேன். மாவில்தான் கை மிஞ்சிவிட்டது. கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் விட்டேன், கூடிப்போனது. மா போட்டேன், தண்ணீர் காணாமல் போனது. இப்படியே பேணி வெறுமையாகும்வரை போட்டும் விட்டும், கடைசியில் கையில் இருந்தது புத்தகம் ஒட்டும் பசை.  எல்லாவற்றையும் கோழிகளுக்கு ஊற்றினேன். ஒரு கோழி அலகைத் திறக்க முடியாமல் வளவு முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டு ஓடியது.

பேணியை என்ன செய்வது? அம்மாவின் பிஸ்கற் தகரத்தைத் திறந்து அவித்த மாவை அள்ளி நிரப்பினேன். இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் சின்னம்மா தலை முழுகி, நல்ல சேலை உடுத்து, மா குழைக்க உட்கார்ந்தார். மா சேரவில்லை. பிடித்தால் நின்றது, விட்டால் வெடித்தது. பால் விட்டார். ஒருவாறு உருண்டதும் துணியால் மூடிவிட்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டரை மணிக்குத் துணியைத் தூக்கினார். வைத்த இடத்தில் வைத்த அளவில் அப்படியே கிடந்தது மா. விரலால் அழுத்தினார். பள்ளம் பள்ளமாகவே இருந்தது.

“என்ரை கைதான் சரியில்லை, அக்கா.” அந்தக் குரலில் தண்ணீர் இருந்தது.

“விடடி. கெதியா இடியப்பம் அவிச்சு, சொதியும் சம்பலும் வைப்பம். பாவம் அந்த மனுசி, பசியோடை வரப்போகுது.”

“இல்லை. அவவுக்கு நான் இதைத்தான் குடுக்கவேணும். வேறை ஒண்டையும் குடுக்க ஏலாது.”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடி விழும் என்பதல்ல. சின்னம்மா மறுபடி தையல் மெஷினுக்குப் பின்னால் போய்விடுவார் என்று பயந்தேன்.  சின்னம்மா அந்த மாவையே வெட்டி, ஓட்டை போட்டு, ஏழு வளையங்களைப் போறணைக்குள் வைத்தார்.

அவை வெந்துகொண்டிருக்கும்போதே வெளியே வான் வந்து நின்றது. படலை தட்டப்பட்டது. அம்மா வழக்கம்போல யாரென்று பார்க்க எழும்பினார்.

“நில்லுங்கோ அக்கா. நான் போறன்.”

கையில் மாவோடு சின்னம்மா முற்றத்தைக் கடந்து போய்ப் படலையைத் திறந்தார்.  வெளியே வெள்ளைச் சேலையில், குடையோடு, கட்டையாக ஒரு மனுசி நின்றார். “துவே” என்றார். மகளே என்று சிங்களத்தில் கூப்பிடுவது அது என்பது அப்போது எனக்குத் தெரியாது. சின்னம்மா குடையை வாங்கிக்கொண்டு அவரை முன்னறைக்குக் கூட்டிப்போனார்.

குசினியில் அப்பா டோனற்றை வெளியே எடுத்து நகத்தால் தட்டினார். டக் டக் என்றது. அம்மா பேணியில் மிச்சமிருந்த மாவை ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார்.

“எடியே! இது அவிச்ச மாவெல்லோ!” என்று என் பக்கம் திரும்பினார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அதற்குள் சின்னம்மா வந்து, ஒருவர் முகத்தையும் பார்க்காமல், பாகை ஊற்றி, ஏழையும் தட்டில் அடுக்கி முன்னறைக்குக் கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன். தட்டைப் பார்த்த அன்ரி வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு ஏதோ சிங்களத்தில் சொன்னார். எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. சின்னம்மாவுக்கு மட்டும் விளங்கியது. அவர் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அன்ரியும் கதிரையை விட்டு இறங்கி, நல்ல வெள்ளைச் சேலையோடு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு டோனற்றை இரண்டு கையாலும் பிடித்து உடைத்தார். விறகு முறிகிற சத்தம் கேட்டது. பாதியைச் சின்னம்மாவின் வாயில் வைத்தார். மற்றப் பாதியைத் தான் கடித்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டே அந்தக் கல்லை மென்றார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை.

“நான்தான்! பச்சை மாவைக் கோழிக்குப் போட்டது நான்தான்! சின்னம்மாவின்ரை கை நல்ல கை!”

 சின்னம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதைச் சிங்களத்தில் சொன்னார். கோழி அலகு ஒட்டிய கதையையும் நான் சேர்த்துச் சொல்ல, அதையும் சொன்னார். அன்ரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் நிற்கவேயில்லை. என்னை இழுத்து அணைத்து எனக்கும் ஒரு துண்டு தந்தார். பல்லு ஆடியது.

ஒரு மணித்தியாலம் முடிந்ததும் வான்காரர் ஹோர்ன் அடித்தார். மிச்ச டோனற்றை எல்லாம் அன்ரி கேட்டு வாங்கிக் கடதாசியில் சுற்றிக்கொண்டார். மாவை அவிப்பார்களா என்று அவர் அதிசயித்ததில் பெருமைப்பட்டுப்போன அம்மா, ஒரு பை அவித்த மாவும் கட்டிக் கொடுத்தார். வான் போன பிறகும் சின்னம்மா படலையைச் சாத்தவில்லை. அன்று பொழுதுபடும்வரை அது திறந்தே கிடந்தது. பல்லுடைக்கும் பலகாரத்தை அப்படி ரசித்துத் தின்ற கொழும்புக்காரரை நினைத்து நான் பிரமித்தேன். என்னை ஒருவரும் அடிக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய அதிசயம்.

அன்ரி அன்று என்ன சொன்னார் என்று சின்னம்மா எனக்குச் சொன்னபோது எனக்கே ஒரு மகள் இருந்தாள். அவளுக்காக டோனற் சுட்டுக்கொண்டிருந்தோம்.

கலவரத்தின்போது அன்ரி சின்னம்மாவைச் சாமான் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். இரண்டு நாளாகப் பயத்தில் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த பிள்ளை இதையாவது தின்னட்டும் என்று டோனற் சுட்டார். போறணையிலிருந்து எடுத்துப் பாகில் தோய்த்துக்கொண்டிருந்தபோது படலையில் தட்டினார்கள். தமிழரைத் தேடிப் பத்துப் பதினைந்து பேர். கையில் பொல்லும் கத்தியும். அன்ரி தட்டத்தோடு போய்ப் படலையைத் திறந்து, “பசியோடு நிற்கிறீர்கள் மகன், எடுங்கள்” என்று நீட்டினார். பாகு சூடு. கையிலிருந்ததை நிலத்தில் வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. வைத்தார்கள். தின்றார்கள். விரலை நக்கிக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள். அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த சின்னம்மாவுக்குக் கறுவா வாசமும், படலையில் அவர்கள் மெல்லுகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. அன்ரி திரும்பி வந்தபோது தட்டம் வெறுமை. மறுநாள் சின்னம்மா அகதி முகாமுக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் போய்விட்டார்.

“உனக்கெண்டு சுட்டதிலை உனக்கு ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை, மகள்.” எங்கள் முன்னறையில் வாயைப் பொத்திக்கொண்டு அன்ரி சொன்னது இதுதான். சொல்லிவிட்டுத்தான் ஒன்றை எடுத்து உடைத்தார்.

நான் பக்கத்தில் நின்று கோழியின் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.