கழுத்தில் மாட்டும் கம்ப்யூட்டருக்கு முதல் நனைப்பு

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. பெற்றது நாலு, மூன்று பையன்கள், கடைசியாக ஒரு பெண். ஐந்தாவது என் அண்ணன் மகன். தாய் இல்லாமல் வந்தவன், கல்யாணம் ஆகிற வரைக்கும் என் கைச்சோறுதான் சாப்பிட்டான். ஒருத்தரையும் பசியோடு படுக்க விட்டதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் சொல்லப்போவதில் மனசு ஆறுகிற மாதிரி அதிகம் இல்லை.

எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். பஸ் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. இதையும் நான் எழுதவில்லை. பெரிய மகனின் மகள், என் பேத்தி, அவள் போனை என் கையில் கொடுத்திருக்கிறாள். நான் பேசப் பேச அது எழுதிக்கொள்கிறது. "வீட்ல பேசுற மாதிரி பேசினா அது தப்புத்தப்பா எழுதும் ஆயா. புஸ்தகத்துல இருக்கிற மாதிரி பேசு" என்றாள். அதனால் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறேன். எனக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.

இந்த மாதிரி ஒன்று வரும் என்று இந்தக் குப்பத்தில் முதலில் சொன்னது என் மகள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்களுக்குச் சொந்தப் படகு கிடையாது. என் வீட்டுக்காரருக்கு வீச்சு வலை. எனக்குக் கை. கை என்றால், பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, அடியில் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பது. பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி ஒன்று கழுத்தில் தொங்கும். சில நேரம் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். இரண்டு கையும் சேற்றில், வாயில் கயிறு. அந்த நேரம் பார்த்து ஜாக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் கவரில் இருக்கும் போன் அடிக்கும். கரையில் நிற்கிற வியாபாரி கூப்பிடுவான். எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் அடுத்தவளிடம் போய்விடுவான். சின்னப் பெண்ணாக என்னோடு தண்ணீரில் நின்றபோது என் மகள் இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். பார்த்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். மெட்ராசில் தங்கிப் படித்தாள். கம்ப்யூட்டர் படிப்பா என்று கேட்பார்கள். இல்லை, கம்ப்யூட்டருக்கு உருவம் கொடுக்கிற படிப்பு என்பேன். கேட்டவர்களுக்குப் புரியாது, எனக்கும் பாதிதான் புரியும். ஆனால் நிமிர்ந்து நின்று சொல்வேன். லீவுக்கு வந்தால் தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டே இருப்பாள். பாயாட்டம் சுருட்டுகிற கம்ப்யூட்டர். கைக்குட்டை மாதிரி மடித்து இடுப்பில் செருகுகிற கம்ப்யூட்டர். ஒன்று குடை, விரித்தால் உள்பக்கமெல்லாம் படம் ஓடும். "மழை பேஞ்சா படத்தப் பாத்துக்கினே நிக்கலாம்னு சொல்லு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். கேலி செய்துவிட்டு, அந்தத் தாளை யாரும் மிதிக்காமல் எடுத்து அரிசி டின் மேல் வைப்பார்.

படிப்பின் கடைசி வருஷம் ஒரு சனிக்கிழமை, மார்போடு ஒரு அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பெட்டிக்குள் வெள்ளி நிறத்தில் வழவழவென்று ஒன்று. அடி பருத்து, வாய் குறுகி, அப்படியே என் பறி. கயிறுகூட இருந்தது.

"இன்னா பாப்பா இது, கூஜாவா?" என்றார் அவள் அப்பா.

"கம்ப்யூட்டர் நைனா. அம்மா கழுத்துல பறியோட பறியா மாட்டிக்கலாம். இப்படிப் பிரிச்சா திரை. கையே வேணாம், பேசினா எழுதிக்கும். எழுதுனத அதுவே படிச்சும் காட்டும்."

"தண்ணியில வுழுந்துச்சின்னா?"

"ஒண்ணும் ஆவாது. உப்புத்தண்ணி, சேறு எல்லாம் தாங்கும். மாட்டிக்கினு முங்கி எழுந்தாலும் ஓடும்."

"எங்க, ஓட்டு பாக்கலாம்."

"இது ஓடாது நைனா. மாதிரிதான். இனிமே வரப்போறது எப்படி இருக்கும்னு காட்டுறது."

"ஓடாது, ஆனா முங்கும்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை அவள் காலேஜில் எல்லாப் பிள்ளைகளும் செய்ததை வரிசையாக வைப்பார்களாம். கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பார்களாம். யாருடையது பிடிக்கிறதோ அந்தப் பிள்ளையை வேலைக்கு எடுத்து, அதை நிஜமாகவே செய்து பார்க்க வைப்பார்களாம். அதற்கு முன்னால், என் கழுத்தில் அதை மாட்டி, தண்ணீரில் நிற்க வைத்துப் படம் எடுக்கத்தான் பாப்பா வந்திருந்தாள். "அம்மா, நீதான் எனக்கு மாடலு" என்றாள். "நல்ல பொடவை கட்டிக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேலைக்குப் போற பொடவைதான் வேணும்" என்றாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வலையோ, துடுப்போ, பறியோ, புதிதாக எது வந்தாலும் பொழுது விடியும்போது ஏரிக்குக் கொண்டுபோய், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மூன்று தரம் முக்கி எடுப்போம். முதல் நனைப்பு. அது ஆகாமல் தொழிலுக்கு எடுக்க மாட்டோம். வீட்டுக்கு ரேடியோ வந்தபோது அதன் தலையில் ரெண்டு சொட்டுத் தெளித்தோம். பட்டணத்துச் சாமான், அதற்கு அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் நான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். பாப்பா தூங்குகிறாள். அவர் வந்து, "ஏமே, மஞ்ச எங்க?" என்றார்.

"எதுக்குய்யா?"

"பாப்பா கம்ப்யூட்டருக்கு. நாளைக்கு நாலு பேரு பாக்கப்போறான். நனைக்காம அனுப்புவாங்களா?"

நானே மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தேன். எனக்கும் சந்தோஷம். தண்ணீர் தாங்கும் என்று அவளே சொன்னாளே. அவள் சொன்னது இனிமேல் வரப்போகிறதை. அவர் கையில் இருந்தது அட்டையும் தெர்மகோலும், மேலே வெள்ளி பெயின்டும். அந்த வித்தியாசம் எங்கள் ரெண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. வலைக்கு மாதிரி வலை என்று ஒன்று உண்டா என்ன?

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார். வேட்டி நனைந்திருந்தது. விரலெல்லாம் வெள்ளி. கையில் இருந்தது ஊறிய ரொட்டி மாதிரி உப்பி, அடிப்பக்கம் பிய்ந்து தொங்கியது. திரை என்று அவள் ஒட்டியிருந்த பளபளப்புத் தாள் தனியாக வந்து, அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாமே, இது ஊறுது" என்றார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

பாப்பா எழுந்து வந்தாள். அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. "அய்ய, இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சுக்கினு நிக்கிற? இது சாம்பிள் நைனா. நல்லது அங்க காலேஜ்ல பத்திரமா இருக்கு" என்றாள். அவர் விட்ட மூச்சு அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது. "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அவளையே திட்டினார்.

காலேஜில் வேறு ஒன்றும் இல்லை. பெற்றவள் எனக்குத் தெரியாதா? பஸ் ஏற்றிவிடப் போனபோது கேட்டேன். "ராத்திரியும் பகலுமா ஒட்டினது அது ஒண்ணுதாம்மா. நைனாகிட்ட சொல்லாத" என்றாள். நான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை, வரைந்த தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு காலேஜில் நின்றாள். கம்பெனிக்காரர்கள் கையில் எடுத்துப் பார்க்க ஏதாவது இருந்த பிள்ளைகளிடம் போய்விட்டார்கள். வேறொருவரை எடுத்தார்கள். பாப்பாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது, சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் மேலே ஒட்டுகிற உறைக்குப் படம் போடுகிற வேலை. இன்றைக்கும் அதுதான். நல்ல சம்பளம். குறை சொல்லக் கூடாது.

ஆனால் அவரிடம், "என் கம்ப்யூட்டர காலேஜ்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க நைனா" என்று சொல்லிவிட்டாள். அவர் ஊரெல்லாம் சொன்னார். வலைக்குக் கூட வருகிற கூட்டாளி விடமாட்டான். "இன்னா மாமா, உன் பொண்ணு கம்ப்யூட்டரு இன்னும் கரை சேரலியா?" என்பான். "உங்க அக்கா கழுத்துல மாட்டிக்கினு வருவா, அப்ப வாயத் தொற" என்பார் இவர். அந்த அக்கா நான்தான். ஒவ்வொரு தடவை பாப்பா வரும்போதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பார், "கடைக்கு வந்துச்சா?" "டைம் ஆவும் நைனா" என்பாள். வரவர அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் வருவது குறைந்தது. வந்தாலும் தாளும் பென்சிலும் எடுத்து வருவதில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறதை மறுபடியும் எதற்கு வரைவாள், யாரிடம் காட்டுவாள்?

போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் அவர் போய்விட்டார். கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "வந்தா உனுக்குத்தான் மொதல்ல வாங்கணும்" என்றார். உம் என்றேன்.

அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் ரெண்டு பேரும் வாயை மூடினோம். இப்போது தனியாக உட்கார்ந்து யோசிக்கும்போது அது சரியாகப் படவில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பார். மறுநாள் பஸ் ஏறிப் போய்த் தெர்மகோலும் அட்டையும் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னொண்ணு செய் பாப்பா" என்று அவள் எதிரில் போட்டிருப்பார். அப்படிப்பட்ட ஆள். கிழிந்த வலையை விட்டுவிட்டுப் படுத்ததை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவர் கையில் இருந்த வேலையைப் பிடுங்கிவிட்டோம். பாப்பாவும் அதோடு நின்றுவிட்டாள்.

இப்போது பேசினால் எழுதுகிறது, இந்தப் போன். வேறு யாரோ செய்தது. பாப்பா அன்றைக்குச் சொன்னதைத்தான் செய்கிறது, ஆனால் கழுத்தில் மாட்ட முடியாது, தண்ணீரில் விழுந்தால் போய்விடும். அதனால் இன்னும் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. பொங்கலுக்குப் பாப்பா வருகிறாள். இப்படி எழுதினதை அவளிடம் கொடுத்து, தாளையும் பென்சிலையும் எடு என்று சொல்லப் போகிறேன். நான் இன்னும் தண்ணீரில் இறங்குகிறேன், கழுத்தும் இருக்கிறது.

பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஆயா, அப்ப கண்ணாடிப் பெட்டி? தாத்தா எனக்குச் சொன்னாரே?" என்கிறாள்.

அதுதான்டி கண்ணு. எழுதினது போதும், இந்தா போனைப் பிடி. முதலிலிருந்து படித்துக் காட்டு. இங்கே வேண்டாம், உள்ளே வா. தாத்தா படத்துக்கு நேராக உட்கார்ந்து, சத்தமாகப் படி.