இரண்டு வீட்டுக்கு ஒரு பெயர்

அட்டனில் நான் வேலை பார்த்த கடைக்கு வெளியே ‘கொமினிகேசன்’ என்று பலகை மாட்டியிருந்தது. போட்டோ கொப்பி எடுப்போம், வெளிநாட்டுக்கு போன் எடுத்துக் கொடுப்போம். பிறகு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன, அதன்பின் இன்டர்நெட்டும் வந்தது. நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆட்களோடு பேசக் கூச்சப்படுவேன். கொப்பி மெஷின் ஓடும் சத்தத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

அவர் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தவணைப் பரீட்சை வந்தால் வினாத்தாள் கொப்பி எடுக்க வருவார். முதல் தடவை வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் காட்ட பில் வேண்டும் என்றார். பெயரை எழுதித் தரச் சொன்னேன். அவர் எழுதியதைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. அவர் பெயருக்கு முன்னால் இருந்தது எங்கள் குடும்பப் பெயர்.

எங்கள் ஆட்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயரைப் போட்டுக்கொள்பவர்கள் குறைவு. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடுவோம், பிள்ளைக்கு அது மாறிவிடும். எங்கள் வீட்டில் மட்டும் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் அந்த ஒரே பெயர் முன்னால் நின்றது. அதை இங்கே எழுதப்போவதில்லை. எங்கும் கேட்கிற பெயர் அல்ல, அவ்வளவுதான்.

“என்னங்க, என் எழுத்து வெளங்கலியா?” என்று கேட்டார்.

“எனக்கும் இதே பேருதாங்க சேர்.”

“அட! அப்ப நீங்க எனக்குத் தங்கச்சி மொறையில்ல? தங்கச்சி கடைன்னா காசு கொறையுமா?”

“மொதலாளியக் கேக்கணுங்க” என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்கிறேன் என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வருடம் அப்படியே போனது. ஒருநாள் கையில் வினாத்தாள் எதுவும் இல்லாமல் வந்தார். அவருக்கு நாற்பது கடந்திருந்தது. மூன்று தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுத்து முடித்திருந்தார். எனக்கு முப்பத்தெட்டு.

“எங்க அம்மாவ உங்க அண்ணன்கிட்ட வந்து பேசச் சொல்லவா?” என்றார், மெஷினைப் பார்த்துக்கொண்டு.

“பேரு ஒண்ணா இருக்குதுங்களே.”

“பேருதானுங்களே.”

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன்தான். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அவர் தொழிற்சங்கத்துத் தலைவர். பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் அந்த இடத்தில், அவர் வாயைத் திறந்தால் கணக்கப்பிள்ளையும் நின்று கேட்பார். இந்தியாவிலிருந்து வந்த காலத்தில் ஆட்களைக் கூட்டி வந்த பெரிய கங்காணியின் வம்சம் நாங்கள் என்று அப்பா அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெயரை அவர் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு நடந்தார்.

நான் சேர் என்றே கூப்பிட்ட அவருடைய அம்மா வந்து, தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினார். பெயரைச் சொன்னதும் அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப நீங்க நமக்குப் பங்காளிங்க. அண்ணன் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வந்திருக்கீங்களே!”

“பேரு ஒண்ணுன்னா ரத்தமும் ஒண்ணாயிருமா தலைவரே?”

“வேற எப்புடி வரும்? சரி, ஒங்க கொலசாமி எது?”

“அந்தக் கரையில என்னான்னு யாருக்கும் தெரியாதுங்க. இங்க வந்தப்பொறம் ரோதமுனிதான்.”

“எங்களுக்கும் ரோதமுனிதான். பாத்தீங்களா?”

“பெக்டரி இருக்கிற தோட்டத்துல எல்லாருக்கும் ரோதமுனிதானுங்களே! மெசின் சக்கரத்த, அந்த ரோதய அவருதான பாத்துக்கிறாரு” என்றார் அந்த அம்மா. நான் உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

“ஒண்ணு சொல்றேங்க. நாளைக்கு நான் பெரட்டுல நிக்கணும். பங்காளிக்குத் தங்கச்சியக் குடுத்தவன்னு ஒரு பய சொன்னாலும் அந்த எடத்துல நிக்க முடியாது. பங்காளி இல்லேன்னு காட்டுங்க, குடுக்கிறேன்.”

எதைக் காட்டுவது? எங்கள் தாத்தாவுக்குப் பிறந்த ஊர் தெரியாது. அவர்கள் பக்கத்திலும் அப்படித்தான்.

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். நான் கணக்கைப் பிழையாக எழுதுவதைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். அரைகுறையாகச் சொன்னேன்.

“உதுக்கே பிள்ளை முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறாய்? பழைய புத்தகம், பேப்பர், கோயில் மலர் எல்லாம் இப்ப இன்டர்நெட்டில ஏத்தி வைக்கிறாங்கள். ஆக்கள் இல்லாத நேரம் இருந்து தேடிப் பார். ஆனா போன் பில் கூடினா நான்தான் அழவேணும்.”

அப்படித்தான் தேடத் தொடங்கினேன். தமிழ்ப் புத்தகங்களை வைத்திருந்த ஓர் இணைய நூலகத்தில் முதலில் பெயரை அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பக்கங்களைப் படமாகப் பிடித்துத்தான் போட்டிருந்தார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டருக்கு வாசிக்கத் தெரியாது. நானேதான் ஒவ்வொரு பக்கமாகத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் மேலிருந்து கீழே இறங்கி முடிப்பதற்குள் ஒருவருக்குக் கொப்பி எடுத்துக் கொடுத்துவிடலாம். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பிறகு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களையும் பார்த்தேன். ஆங்கிலம் எனக்கு அவ்வளவாக ஓடாது. எங்கள் பெயரின் எழுத்துகளை மட்டும் கண்ணால் துழாவினேன்.

பெயர் கிடைத்தது. கிடைக்கக் கிடைக்கப் பயம்தான் கூடியது. திம்புள்ளையில் ஒரு பஜனைக் குழுவில் அந்தப் பெயர். கொத்மலையில் அணைக்கட்டுக்காக ஊரைவிட்டு எழும்பிப் போனவர்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் அந்தப் பெயர். வட்டவளையில் காற்பந்தாட்டக் கோஷ்டியின் படத்துக்குக் கீழே அந்தப் பெயர். ஒவ்வொருவரும் எனக்கு இன்னொரு பங்காளியாக வந்து நின்றார்கள். நான் சேருக்காகத் தேடப்போய் அண்ணனுக்குச் சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தேன். சேர் கடைக்கு வந்தால், “ஒண்ணும் அம்புடலீங்க” என்று பொய் சொன்னேன்.

ஒரு மாதா கோயில் சஞ்சிகையில்தான் முதல் சந்தேகம் வந்தது. அங்கேயும் எங்கள் பெயர்க்காரர் ஒருவர். அவருடைய பாட்டனார் சேலத்துப் பக்கமிருந்து வந்ததாக எழுதியிருந்தார்கள். பஜனைக் குழுக்காரருடைய ஆட்கள் திருச்சிப் பக்கம். ஒரு வம்சம் என்றால் எப்படி இத்தனை ஊர்? பிறகு ஒரு பழைய மாரியம்மன் கோயில் திருவிழா மலரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். நாற்காலியில் கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர். கையில் பிரம்பு. பின்னால் மூன்று வரிசையாக ஆட்கள், காலில் ஒன்றுமில்லை. கீழே கங்காணியாரும் அவருடைய ஆட்களும் என்று எழுதியிருந்தது. கங்காணியார் பெயர் எங்கள் பெயர். பின்னால் நின்றவர்கள் யாருக்கும் பெயர் இல்லை.

அதை பிரிண்ட் எடுத்து சேரிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இப்பத்தான் தலைவரே வெளங்குது. எங்க மாமனாரு சொல்லுவாரு, பெரட்டுல ஆள் பேரு சொல்ல மாட்டாங்களாம். கங்காணி பேரச் சொல்லி, அவரு ஆளு வா, இவரு ஆளு போன்னுதான் கூப்பிடுவாங்களாம். புள்ள பொறந்து பதியப் போனாலும் கிளாக்கரு அதையே முன்னுக்கு எழுதிருவாராம். எங்க பேரு அப்புடித்தான் வந்திருக்கணும். ஒங்களுதும் அதுதான்.”

அண்ணன் படத்தை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார்.

“இதுல நம்ம தாத்தா யாரு?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியலண்ணே. பின்னால நிக்கிறவங்கள்ல யாராவது இருக்கலாம்.”

“உக்காந்திருக்கிறவரு?”

“அவரு கங்காணி.”

“அப்ப நாம?”

சேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்காளி இல்லை என்று அண்ணன் காட்டச் சொன்னார், காட்டியாயிற்று. ஆனால் அண்ணனின் முகத்தைப் பார்த்தபோது, நான் அவர் சட்டையைப் பலர் முன்னால் உருவிவிட்டதுபோல இருந்தது.

அவர்கள் போன பிறகு அண்ணன் கேட்டார். “சரி. கங்காணி வம்சம் இல்லேன்னு ஆகிப்போச்சு. அப்ப அவங்க என்னா சாதி? இத்தன நாளா பேரப் பாத்து நம்ம ஆளுங்கன்னு நெனச்சேன். அதையும் அதுலயே தேடிப் பாரு.”

கம்ப்யூட்டரை ஒருநாளும் நம்பாத மனுசன் அன்று நம்பினார். அதே மலரில், திருவிழாவின் எந்த நாள் எந்தச் சாதியாருடைய உபயம் என்று பெயர்களோடு ஒரு பக்கம் இருந்தது. படத்தைத் தேடும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருந்தேன். திறந்தால் அவர்களுடையதும் தெரியலாம், எங்களுடையதும் தெரியலாம். இத்தனை காலம் அந்தப் பெயர் அந்தக் கேள்வி வராமல் இரண்டு வீட்டையும் மூடி வைத்திருந்தது. நான்தான் மூடியைத் திறந்தேன்.

“தேட மாட்டேண்ணே” என்றேன்.

“என்னா?”

“அத மட்டும் தேட மாட்டேன். நீங்க சொன்னதக் காட்டியாச்சு.”

அண்ணனிடம் அதற்கு முன் நான் மறுத்துப் பேசியதில்லை. அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. “அப்ப நீயே போய்க் கட்டிக்க” என்று சொல்லிவிட்டு படத்தை மடித்து என்னிடம் கொடுத்தார்.

பதிவுத் திருமணத்துக்கு எங்கள் பக்கமிருந்து முதலாளிதான் சாட்சிக்கு வந்தார். பதிவாளர் சிங்களவர், நல்ல மனிதர். இரண்டு பெயரையும் எழுதும்போது நிமிர்ந்து பார்த்தார். “எகம பவுலே அயத?” ஒரே குடும்பமா என்று கேட்டார். சேர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான், “நெஹெ மாத்தயா”, இல்லை ஐயா, என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அண்ணன் மனம் ஆறி வருவார் என்று காத்திருந்தேன். தீபாவளிக்கு அவருக்கு வேட்டி எடுத்து அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. அவரும் வரவில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு எங்கள் லயத்து அக்கா ஒருத்தி குவைத்திலிருந்த மகளுக்குப் போன் எடுக்கக் கடைக்கு வந்தார். நம்பர் எழுதிய துண்டை நீட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏண்டி, நீ பங்காளியையே கட்டிக்கிட்டியாமே? எவ்வளவு சொல்லியும் கேக்கலேன்னு ஒங்கண்ணே பெரட்டுல சொல்லிக் கண்ணு கலங்குறாரு. கங்காணி வம்சத்துல இப்புடி ஒண்ணு நடந்துருச்சேன்னு தோட்டமே பேசுது.”

எந்தப் பேச்சு வந்தால் பெரட்டில் நிற்க முடியாது என்று அண்ணன் சொன்னாரோ, அதை அவரே பரப்பியிருக்கிறார். படத்தைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு அவமானத்தில் தன்னால் தாங்க முடிந்ததை எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த பிரிண்ட் என் மேசை லாச்சியில்தான் இருந்தது. எடுத்து அக்காவிடம் ஒரு தடவை காட்டினால் போதும், சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கப் போய்விடும். என் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் மறுநாள் காலையில் அண்ணன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டுமே.

“நெசந்தானாடி?” என்று அக்கா மறுபடி கேட்டார்.

“ஆமாக்கா” என்று சொல்லிவிட்டு, குவைத் நம்பரை அழுத்தினேன்.