குதிர் வாயில் பதிந்த கை

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. யாராவது சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்பேன். நான் நுழைந்ததும் பேச்சு நின்றால் என்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று முடிவு கட்டுவேன். எட்டு வயதில் அந்தக் கண் முழுக்கச் சின்னம்மா மேல்தான் இருந்தது. எங்கள் சீமையில் ராஜா ஆட்சி முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவள் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு மணமேல்குடிப் பக்கமிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் வருஷம் தை அறுப்பில்தான் தொடங்கும். விதைக்கென்று ஒதுக்கிய நெல்லை இடுப்பளவு மண் குதிரில் விளிம்புவரை கொட்டி, மூடி போட்டு, சாணியும் களிமண்ணும் குழைத்து வாயைப் பூசுவார்கள். அந்த ஈரத்தில் மூத்த மருமகளான என் ஆத்தா வலது கையை விரித்துப் பதிப்பாள். ஆவணியில் விதைக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது.

மாசியில் புளி உலுக்கினோம். பங்குனி முழுக்கக் கொட்டை எடுத்தோம். சின்னம்மா மடியில் ஒளிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒளிக்கவில்லை, அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. சித்திரையில் கண்மாய் வற்றி ஊரே மீன் பிடிக்க இறங்கியது. ஆத்தாவின் வலது ஆள்காட்டி விரலில் கெளுத்தி முள் ஏறிச் சீழ் வைத்தது. ஆறிய பிறகும் அந்த விரல் நீளவில்லை. கொக்கி மாதிரி மடங்கியே நின்றுவிட்டது.

ஆனியில் வீட்டில் எல்லாருக்கும் கேப்பைக் கூழ்தான். காய்ச்சலில் படுத்துக் கிடந்த எனக்கு மட்டும் பத்து நாளும் அரிசிக் கஞ்சி வந்தது. எங்கிருந்து என்று கேட்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்குத் தன் வாய்க்கு வந்த கஞ்சி மேல் சந்தேகம் வரவில்லை. ஒரு மத்தியானம் சின்னம்மா களிமண் அப்பிய கையைக் கழுவியதை மட்டும் பாயில் கிடந்தபடி பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஆவணி மழை விழுந்ததும் அப்பா அரிவாள் பிடியால் குதிர் வாயைத் தட்டி உடைத்தார். நெல் அரைச் சாண் இறங்கிக் கிடந்தது. முத்திரை வைத்தவளை நினைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"யாரு கை வச்சது?" என்று கேட்டார் அப்பா.

"சின்னம்மாதான். கையில களிமண்ணு இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றேன்.

"அடுப்பு பூசுனேன்" என்றாள் சின்னம்மா. ஆத்தா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

"வெத நெல்லத் தொட்டவள வச்சுக்கிட்டு வெதைக்க முடியாது. அவ அண்ணனுக்குச் சொல்லி விடு" என்றார் அப்பா, சித்தப்பாவிடம். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அவள் அண்ணன் வந்துவிட்டார். சின்னம்மாவின் கைதானா என்று இன்னும் உறுதியாக நிரூபிக்க வேண்டியிருந்தது எனக்கு. உடைந்த மண் துண்டுகளைப் பொறுக்கித் தரையில் சேர்த்து வைத்தேன். கை முழுசாக வந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் பாதியில் மடங்கியிருந்தது. தையில் ஆத்தாவின் விரல் நேராக இருந்ததே! அப்படியென்றால் இது சித்திரைக்குப் பிறகு வைத்த முத்திரை. சொன்னால் பெட்டி கட்ட வேண்டியவள் என் ஆத்தா.

நிமிர்ந்தபோது ஆத்தாவே நின்றுகொண்டிருந்தாள். துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "குடு" என்று வாங்கி, தொட்டித் தண்ணீரில் போட்டுக் கரைத்தாள்.

வாசலில் சின்னம்மா தகரப் பெட்டியோடு நின்றாள். என்னைக் கிட்டே கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று பயந்தேன். குனிந்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஒடம்பப் பாத்துக்க புள்ள. இன்னொரு காய்ச்சலுக்குக் குதிருல நெல்லு இல்ல" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அப்பா பத்தடி தள்ளித்தான் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.